மீட்டர் 25, ஸ்கிரீன் 30, குச்சி 18: சாயப்பட்டறையில் தண்ணீர், ஸ்டீம், காற்று அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை. சாயக்கழிவு நீர் கலெக்‌ஷன் தொட்டியில் இருந்து ஈக்வலைசேஷன் தொட்டிக்கு (கழிவைக் கலந்து சீராக்கும் தொட்டி) சரிவாக இறங்கும் 100 மி.மீ. குழாயில் ஒரு மேக் மீட்டர் (மின்காந்த முறையில் ஓட்டத்தை அளக்கும் மீட்டர்) போட்டிருந்தார்கள். நான் போன அன்று மீட்டர் முகத்தில் மணிக்கு 25 கன மீட்டர். கண்ட்ரோல் ரூம் ஸ்கிரீனில் அதே மீட்டருக்கு 30. ஈடிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) ஆபரேட்டர் தொட்டிக்குள் மூங்கில் குச்சியை விட்டு அளந்து நோட்டில் எழுதியிருந்ததோ 18. முதலாளிக்குக் கோபமெல்லாம் குச்சி மேல். "இவ்ளோ காசு குடுத்து வாங்குன மீட்டரு தப்பு, குச்சி சரிங்களா?" என்றார்.

குச்சிதான் சரி. மீட்டரிலும் கோளாறு இல்லை. குழாய் அமைப்பில் ஒரு தப்பு, ஸ்கிரீன் செட்டிங்கில் ஒரு தப்பு. இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். மீட்டரே பழுதாகி அளவு தப்பியதை விட, நல்ல மீட்டரைத் தப்பான இடத்தில், தப்பான எண்ணோடு மாட்டியதால் தப்பியதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் எந்தக் கம்பெனி மீட்டர் நல்லது என்ற பேச்சு குறைவாகவும், எங்கே மாட்டுவது, எப்படிச் சோதிப்பது என்பது கூடுதலாகவும் இருக்கும்.

எதற்காக அளக்கிறீர்கள்?

பம்ப் ஓடுகிறதா, இல்லையா என்று பார்க்க மட்டும் என்றால் ஒரு ரோட்டாமீட்டர் (நிற்கும் குழாய்க்குள் மிதவை ஏறி இறங்கிக் காட்டுவது) போதும். காசு கணக்குக்கு, அதாவது பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பும் தண்ணீர், ஸ்டீம் விலை, கேஸ் பில் போன்றவற்றுக்கு என்றால் டோட்டலைசர் (மொத்தம் எவ்வளவு போனது என்று கூட்டிக்கொண்டே வரும் கணக்கி) உள்ள, காலிப்ரேஷன் (அளவு சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்த) சான்றிதழோடு வரும் மீட்டர் வேண்டும். கெமிக்கலை அளவாகச் சேர்க்கும் டோசிங் பம்ப்பை ஓட்டவோ வால்வைக் கட்டுப்படுத்தவோ என்றால், அளவு துல்லியமாக இருப்பதை விட ஒரே மாதிரி திரும்பத் திரும்பக் காட்டுவது முக்கியம்.

திருப்பூரில் இது விளையாட்டு விஷயம் இல்லை. நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஆற்றில் ஒரு சொட்டு விடாமல் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற நிலை வந்த பிறகு, வந்த தண்ணீர் எவ்வளவு, மீண்ட தண்ணீர் எவ்வளவு என்ற கணக்கில்தான் பட்டறையே ஓடுகிறது.

பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மீட்டர் விற்பவரைக் கூப்பிடும் முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: என்ன பாய்கிறது, வெப்பம், அழுத்தம், குழாயின் உள்விட்டம், குறைந்தபட்ச ஓட்டம், வழக்கமான ஓட்டம், அதிகபட்ச ஓட்டம். பலரும் அதிகபட்சத்தை மட்டும் சொல்வார்கள். ராத்திரி ஷிஃப்டில் இரண்டே மெஷின் ஓடும்போது எவ்வளவு போகும் என்பதுதான் மீட்டரைத் தடுமாற வைக்கும் எண்.

தண்ணீர் என்றால் இன்னொரு கேள்வி: மின்சாரம் கடத்துமா? மேக் மீட்டர் ஃபாரடே விதியில் வேலை செய்கிறது. காந்தப் புலத்துக்குள் மின்கடத்தும் திரவம் ஓடினால், வேகத்துக்கு ஏற்றபடி சின்ன வோல்டேஜ் வரும். ஃபாரடே இதை 1832இல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் இருந்து தேம்ஸ் நதியில் தகடுகளை இறக்கிச் சோதித்துப் பார்த்தார். அன்று அவருக்குச் சரியாக வரவில்லை. இன்று வரும், ஆனால் திரவத்துக்குக் கடத்துதிறன் வேண்டும். பொதுவாக ஒரு செ.மீ.க்கு 5 மைக்ரோ சீமன்ஸுக்குக் குறையக் கூடாது. உப்பு நிறைந்த சாயக்கழிவுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. போர் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் இரண்டும் பரவாயில்லை. டிஎம் (உப்பு நீக்கிய) தண்ணீருக்கும், ஸ்டீம் குளிர்ந்து திரும்பும் சுத்தமான கண்டன்சேட்டுக்கும் மேக் மீட்டர் போட்டால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். ஃபர்னஸ் ஆயில், டீசல், தெர்மிக் ஆயில் எதிலும் அது வேலையே செய்யாது.

குழாய் சைஸைப் பார்த்து மீட்டர் வாங்காதீர்கள்

"நாலு இஞ்சு லைன், அதனால நாலு இஞ்சு மீட்டர்." இந்த ஒரு வாக்கியம் எத்தனை பட்டறைக்குச் செலவு வைத்திருக்கிறது என்று சொல்லி மாளாது. மீட்டர் அளப்பது வேகத்தை. உள்ளே வேகம் இல்லையென்றால் அளக்க ஒன்றும் இல்லை.

மனக்கணக்காகவே போடலாம். உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி 354 ஆல் வகுங்கள். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மணிக்கு எத்தனை கன மீட்டர் போகும் என்பது கிடைக்கும். 100 மி.மீ. குழாய்க்கு 10,000 வகுத்தல் 354, ஏறத்தாழ 28. உங்கள் பம்ப் தருவது மணிக்கு 15 கன மீட்டர் என்றால் வேகம் அரை மீட்டர்தான். 65 மி.மீ. மீட்டருக்கு அதே கணக்கு 12 வரும். 15 கன மீட்டருக்கு வேகம் 1.25 மீட்டர். தண்ணீருக்கு 1 முதல் 3 மீட்டர் வேகம் நல்ல இடம். அப்படியானால் 100 மி.மீ. லைனில் ரெட்யூசர் (குழாயைக் குறுக்கும் துண்டு) வைத்து 65 மி.மீ. மீட்டர் போடுங்கள். விலையும் குறையும்.

கேட்லாக்கில் "துல்லியம் 1 சதவீதம்" என்று மட்டும் போட்டிருந்தால், எதில் 1 சதவீதம் என்று கேளுங்கள். அந்த நேரத்து ஓட்டத்தில் 1 சதவீதமா, ஃபுல் ஸ்கேலில் 1 சதவீதமா? ஃபுல் ஸ்கேல் 100 கன மீட்டர் உள்ள மீட்டரில் 10 கன மீட்டர் ஓடும்போது, இரண்டாவது வகைத் துல்லியத்தில் தவறு ஒரு கன மீட்டர், அதாவது 10 சதவீதம்.

எதற்கு எது

சாயக்கழிவு, போர் தண்ணீர், ஆர்ஓ லைன்கள்: மேக் மீட்டர். உள்ளே தடுப்பு இல்லை, அசையும் பாகம் இல்லை, நூல் துணுக்கு சிக்காது. கெமிக்கலும் சூடும் உள்ள லைனுக்கு டெஃப்லான் லைனர், சாதாரணத் தண்ணீருக்கு ரப்பர் லைனர்.

ஸ்டீம்: வோர்டெக்ஸ் அல்லது ஆரிஃபைஸ் பிளேட். ஆரிஃபைஸ் என்பது குழாய்க்குள் வைக்கும் ஓட்டை போட்ட தகடு; அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள். பாலத் தூணைத் தாண்டும் ஆற்றுநீரில் இடம், வலம் என்று மாறி மாறிச் சுழி கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். வோர்டெக்ஸ் மீட்டர் அந்தச் சுழிகளை எண்ணுகிறது. ஒரே குறை, வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் சுழியே உருவாகாது. மீட்டர் நேராகப் பூஜ்யம் காட்டும். ராத்திரி ஸ்டீம் செலவே இல்லை என்று சந்தோஷப்பட்ட மேனேஜர்களைத் தெரியும்.

கம்ப்ரஸ்ட் ஏர்: தெர்மல் மாஸ் மீட்டர் (சூடான சென்சாரைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்று பார்ப்பது), காற்றின் ஈரத்தை எடுக்கும் ட்ரையருக்கு அப்புறம். ஃபர்னஸ் ஆயில், டீசல்: ஓவல் கியர் மாதிரியான பாசிட்டிவ் டிஸ்ப்ளேஸ்மென்ட் மீட்டர் (திரவத்தைச் சிறு சிறு அளவாகப் பிடித்து எண்ணுவது), முன்னால் கட்டாயம் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி). விலை உயர்ந்த கெமிக்கலை எடைக் கணக்கில் அளக்க வேண்டுமானால் கோரியோலிஸ். எடையையும் அடர்த்தியையும் நேரடியாகத் தரும், நேர்க்குழாய் தேவையும் அநேகமாக இல்லை. விலையைக் கேட்டால் மட்டும் மூச்சு முட்டும்.

வாய்க்காலில் திறந்து ஓடும் தண்ணீருக்கு மீட்டரே வேண்டாம், ஒரு வி-நாட்ச் தகடு போதும். 90 டிகிரி வெட்டில், முனையில் இருந்து நீர்மட்டம் 15 செ.மீ. உயரம் நின்றால் வினாடிக்குச் சுமார் 12 லிட்டர், மணிக்கு 43 கன மீட்டர். மட்டத்தைத் தகட்டின் வாயிலேயே அளக்கக் கூடாது. அங்கே தண்ணீர் சரிந்துவிடும். அந்த உயரத்தைப் போல நான்கு மடங்கு பின்னால் தள்ளி அளக்க வேண்டும்.

இடம்: பாதிச் சண்டை இங்கேதான்

முதல் விதி, திரவம் அளக்கும் மீட்டரில் குழாய் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். மேக் மீட்டர் வேகத்தை அளந்து, முழுக் குழாயின் பரப்பால் பெருக்குகிறது. தண்ணீர் முக்கால் குழாய் ஓடினாலும் அதற்குத் தெரியாது, முழுசு என்றே நினைத்துக்கொள்ளும். மேலே சொன்ன பட்டறையில் நடந்தது அதுதான். சரிவில் இறங்கும் குழாய், மேல்பக்கம் காற்று. நிஜ ஓட்டம் 18, மீட்டர் சொன்னது 25.

தீர்வு எளிது. தண்ணீர் மேல்நோக்கி ஏறும் செங்குத்துக் குழாயில் மீட்டரை வையுங்கள். அது முடியாவிட்டால் குழாயை ஒரு பள்ளம் போல இறக்கி ஏற்றி, பள்ளத்தின் அடியில் வையுங்கள். அங்கே எப்போதும் தண்ணீர் நிற்கும். கீழ்நோக்கி இறங்கும் குழாயிலும், லைனின் உச்சிமேட்டிலும், பம்ப்பின் சக்‌ஷன் பக்கத்திலும் வைக்கவே கூடாது.

அடுத்தது நேர்க்குழாய். எல்போ, வால்வு, டீ எதைத் தாண்டினாலும் ஓட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும், சில நேரம் முறுக்கிக்கொண்டும் வரும். மேக் மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல 5 மடங்கு, பின்னால் 3 மடங்கு நேராக விடுங்கள். 100 மி.மீ. லைனில் அது முன்னால் அரை மீட்டர்தான், இடம் இல்லை என்று சொல்ல முடியாது. வோர்டெக்ஸுக்கும் ஆரிஃபைஸுக்கும் 15, 20 மடங்கு வேண்டும்; முன்னால் இரண்டு எல்போ வேறு வேறு திசையில் திரும்பினால் அதற்கும் மேல். கண்ட்ரோல் வால்வு எப்போதும் மீட்டருக்கு அப்புறம்.

மாட்டும்போது

குழாய் ஃபிட்டர் செய்யும் ஒரு வேலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். புது மேக் மீட்டரை இரண்டு ஃபிளேஞ்ச் நடுவே போல்ட் போட்டுவிட்டு, அளவு சரியாக வரும் என்று அப்படியே வைத்து வெல்டிங் அடிப்பார். சூட்டில் லைனர் உருகிப் போகும், வெல்டிங் கரன்ட் எலக்ட்ரானிக்ஸை முடித்துவிடும். அதே நீளத்தில் ஒரு டம்மி குழாய்த் துண்டு வைத்து வெல்டிங்கை முடித்து, ஆறிய பிறகு, லைனை நன்றாக ஃப்ளஷ் செய்த பிறகுதான் மீட்டர் உள்ளே போக வேண்டும்.

கேஸ்கெட்டின் ஓட்டை குழாயின் ஓட்டையை விடச் சின்னதாக இருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் ஓட்டம் கெட்டுவிடும். மேக் மீட்டருக்கு கிராஃபைட் கேஸ்கெட் வேண்டாம். உள்ளே கரி மாதிரிப் படிந்து சிக்னலை ஷார்ட் செய்யும். மீட்டரைப் படுக்கையாக மாட்டினால் எலக்ட்ரோடுகள் இரண்டும் இடமும் வலமுமாக இருக்கட்டும். மேலும் கீழுமாக வைத்தால் மேலே காற்று, கீழே சேறு.

நம் பட்டறைகளில் பாதி லைன் பிவிசி. பிளாஸ்டிக் குழாயில் திரவத்துக்கு எர்த் கிடையாது, ரீடிங் காரணமே இல்லாமல் ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் கிரவுண்டிங் ரிங் போட்டு மீட்டர் பாடியோடு இணையுங்கள். அம்புக்குறி ஓட்டத்தின் திசையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நானே ஒருமுறை தலைகீழாக மாட்டியிருக்கிறேன்.

ஆரிஃபைஸ் பிளேட்டில் கூர்மையான விளிம்பு ஓட்டம் வரும் பக்கம், சரிவு வெட்டிய பக்கம் பின்னால். மாற்றிப் போட்டால் கணிசமாகக் குறைத்துக் காட்டும். பிளேட்டின் இரு பக்க அழுத்தத்தை, வித்தியாசத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டுபோகும் சின்னக் குழாய்தான் இம்பல்ஸ் லைன். அதை எடுக்கும் இடமும் முக்கியம்: திரவத்துக்குக் குழாயின் பக்கவாட்டில், காற்று அல்லது கேஸுக்கு மேல்பக்கம், ஸ்டீமுக்குப் பக்கவாட்டில் கண்டன்சேட் பாட் (தண்ணீர் நிற்கும் சின்னக் கலம்) வைத்து, டிரான்ஸ்மிட்டர் கீழே. ஸ்டீம் லைனில் முதலில் அந்தக் கலத்திலும் இம்பல்ஸ் லைனிலும் தண்ணீர் நிரப்புங்கள். இரண்டு பக்க வால்வும் திறந்திருக்கும்போது இரண்டு லைனையும் இணைக்கும் நடு ஈக்வலைசர் வால்வைத் திறந்துவிட்டால் நிரப்பிய தண்ணீர் ஓடிப்போய்ச் சூடான ஸ்டீம் நேராக டிரான்ஸ்மிட்டருக்குப் போகும்.

எண்கள் பேசிக்கொள்ளும் இடம்

அந்தப் பட்டறை ஸ்கிரீனில் 30 எப்படி வந்தது? மீட்டரின் ரேஞ்ச் 0 முதல் 50. அதை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின் சிக்னலாக அனுப்பும். சிக்னலை வாங்கி ஸ்கிரீனுக்கு எண்ணாகக் கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியில் புரோகிராம் எழுதியவர் 0 முதல் 60 என்று போட்டிருந்தார். 25 கன மீட்டருக்கு மீட்டர் அனுப்புவது 12 மில்லி ஆம்பியர், அதாவது 4–20க்குச் சரிபாதி. பிஎல்சிக்கு அதன் 60இல் சரிபாதி 30. மீட்டருக்குள் 4, 12, 20 மில்லி ஆம்பியரை வரிசையாக அனுப்பும் சிமுலேஷன் வசதி இருக்கும். அனுப்பிவிட்டு ஸ்கிரீனில் 0, பாதி, முழுசு வருகிறதா என்று பாருங்கள், ஐந்து நிமிட வேலை. டோட்டலைசரையும் ஒப்பிடுங்கள், ஒரு பல்ஸுக்கு 10 லிட்டரா 100 லிட்டரா என்ற குழப்பம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஆரிஃபைஸில் இன்னொரு பொறி. அழுத்த வித்தியாசம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும்: ஓட்டம் பாதியானால் அழுத்த வித்தியாசம் கால் பங்கு, ஓட்டம் பத்தில் ஒன்றானால் நூறில் ஒன்று. அதனால்தான் குறைந்த ஓட்டத்தில் ஆரிஃபைஸ் நம்ப முடியாததாகிறது. இந்த வர்க்கமூலத்தை டிரான்ஸ்மிட்டர் எடுக்கலாம், பிஎல்சி எடுக்கலாம். யாராவது ஒருவர்தான் எடுக்க வேண்டும். இருவரும் எடுத்தால் 50 சதவீத ஓட்டம் ஸ்கிரீனில் 71 ஆகும். இருவரும் விட்டுவிட்டால் 25 ஆகும்.

ஸ்டீம்: அழுத்தத்தை மறந்தால்

வோர்டெக்ஸ் அளப்பது கன அளவு. நாம் காசு கொடுப்பது கிலோவுக்கு. நடுவில் இருப்பது அடர்த்தி. 10 பார் கேஜ் அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 10 பார்) சாச்சுரேட்டட் ஸ்டீமின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு சுமார் 5.64 கிலோ. 7 பாரில் 4.16. பாய்லர் 10 பாருக்கு வாங்கியது என்று மீட்டரில் 10 பார் அடர்த்தியைப் போட்டுவிட்டு, தினமும் 7 பாரில் ஓட்டினால், மணிக்கு 2,000 கிலோ நிஜ ஸ்டீமை மீட்டர் சுமார் 2,710 என்று சொல்லும். அழுத்தமோ வெப்பமோ சேர்த்து அளந்து தானே திருத்திக்கொள்ளும் மாடலை வாங்குங்கள்; இல்லையென்றால் ஓட்டும் அழுத்தத்தை ஒரே அளவில் வைத்து அதன் அடர்த்தியைப் போடுங்கள்.

ஒரு எளிய சோதனை உண்டு. பாய்லருக்குள் போகும் ஃபீட் வாட்டரை அளந்து, ப்ளோ டவுனை (பாய்லர் அடியில் சேரும் உப்பு நீரை வெளியேற்றுவது) கழியுங்கள். ஒரு நாள் கணக்கில் அதை விட ஸ்டீம் அதிகமாக வர வழியே இல்லை. வந்தால் இரண்டில் ஒரு மீட்டர் தப்பு.

மீட்டருக்கு முன்னால் ஸ்டீம் டிராப் (ஸ்டீமை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் கருவி) வேலை செய்ய வேண்டும். காலையில் வால்வை ஒரேயடியாகத் திறந்தால் குழாயில் நிற்கும் தண்ணீர் குண்டு மாதிரி வந்து மோதும். எலக்ட்ரானிக்ஸ் தலையைக் குழாய்க்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில் திருப்புங்கள், அதன் கழுத்தை இன்சுலேஷனால் மூட வேண்டாம்.

காற்று, கேஸ்: எந்தக் கன மீட்டர்?

அழுத்தினால் சுருங்கும் பொருளுக்கு "மணிக்கு 100 கன மீட்டர்" என்று மட்டும் சொல்வது அரைகுறைப் பேச்சு. 7 பார் கேஜ், 35 டிகிரியில் குழாய்க்குள் போகும் 100 கன மீட்டர் காற்று, 0 டிகிரி, சாதாரண வளிமண்டல அழுத்தம் என்ற நார்மல் கணக்கில் சுமார் 700 கன மீட்டர். கம்ப்ரஸர்காரர் சொல்வது உள்ளே இழுக்கும் காற்றை, அதுவும் சிஎஃப்எம்மில் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி; 1 சிஎஃப்எம் மணிக்கு 1.7 கன மீட்டர்). கேஸ் பில் ஸ்டாண்டர்ட் கன மீட்டரில் வரும், அது 15 டிகிரிக்கு. நார்மலுக்கும் ஸ்டாண்டர்டுக்கும் மட்டுமே ஐந்தரை சதவீத வித்தியாசம். எல்லாவற்றையும் ஒரே அடிப்படைக்கு மாற்றிய பிறகு சண்டை போடுங்கள்.

தெர்மல் மாஸ் மீட்டரில் தண்ணீர்த் துளி பட்டால் சென்சார் சட்டென்று குளிர்ந்து, ஓட்டம் எகிறியதாகக் காட்டும். அதனால்தான் அதை ட்ரையருக்கு அப்புறம் வைக்கச் சொன்னேன்.

சோதனை

தொட்டிச் சோதனையை விட நல்லது எதுவும் இல்லை. நீரை வாங்கும் தொட்டியின் நீளம், அகலத்தை டேப்பில் அளங்கள். வெளியே போகும் பம்ப்பை நிறுத்துங்கள். மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த ஆபரேட்டர் செய்தது இதுதான்: தொட்டி 4 மீட்டருக்கு 3 மீட்டர், 20 நிமிடத்தில் 50 செ.மீ. ஏறியது. 6 கன மீட்டர், மணிக்கு 18.

தொட்டி இல்லாத லைனுக்கு வெளியே இருந்து கட்டும் கிளாம்ப்-ஆன் அல்ட்ராசோனிக் மீட்டரை வாடகைக்கு எடுக்கலாம். குழாயின் தடிமனை ஊகித்துப் போடாதீர்கள், தடிமன் கேஜால் அளங்கள். 50 மி.மீ. உள்விட்டத்தை 52 என்று போட்டாலே பரப்பு 8 சதவீதம் கூடிவிடும். சென்சாரைக் குழாயின் பக்கவாட்டில் வையுங்கள், உச்சியில் வைக்காதீர்கள். உள்ளே காரை பிடித்த பழைய ஜிஐ குழாயில் சிக்னல் கிடைக்கவில்லை என்றால் கருவியைத் திட்ட வேண்டாம்.

ஆர்ஓவில் ஃபீட் (உள்ளே போவது), பெர்மியேட் (சுத்தமாகி வருவது), ரிஜெக்ட் (உப்போடு கழிவது) மூன்றுக்கும் மீட்டர் இருந்தால் அவையே ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். 30 உள்ளே போனால் 21ம் 9ம் வெளியே வர வேண்டும். வால்வை மூடி, குழாய் நிறைந்த நிலையில் பூஜ்யம் வருகிறதா என்பதையும் மாதம் ஒருமுறை பாருங்கள். காசுக் கணக்கு மீட்டரை ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, நிஜத் தண்ணீர் ஓட்டிக் காலிப்ரேட் செய்யுங்கள். நம் பக்கத்துக்கு அருகிலேயே, பாலக்காடு கஞ்சிக்கோட்டில், ஃப்ளூயிட் கண்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. திரும்பி வரும் சான்றிதழில், சரி செய்வதற்கு முன் எவ்வளவு தப்பாக இருந்தது என்ற எண்ணையும் கேட்டு வாங்குங்கள். போன வருடக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பது அதில்தான் தெரியும்.

அந்தப் பட்டறையில் குழாயைப் பள்ளமாக வளைத்து மீட்டரை அடியில் வைத்தோம். பிஎல்சியில் 60ஐ 50 ஆக்கினோம். மறுநாள் மீட்டரில் 18.2, ஸ்கிரீனிலும் 18.2. மூங்கில் குச்சி இன்னும் தொட்டி ஓரத்தில்தான் சாய்ந்திருக்கிறது. ஆபரேட்டர் அதில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு பெயிண்ட்டில் போட்டு வைத்திருக்கிறார். திங்கட்கிழமைதோறும் அளந்து, மீட்டர் எண்ணுக்குப் பக்கத்திலேயே நோட்டில் எழுதுகிறார்.